"கடலா இருக்குது இங்க?": கொங்கு நாட்டில் மழைச் சேதமும் இன்சூரன்ஸ் கணக்கும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கம்பெனி, குடோன் வைத்திருப்பவர்களிடம் பாலிசி புதுப்பிக்கப் போகிற எந்த ஏஜென்ட்டை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ஏனுங்க, இதுல புயல், வெள்ளம்னு என்னமோ போட்டிருக்குதே, நமக்கு எதுக்குங்க அது? கடலா இருக்குது இங்க? அதை எடுத்துப்போட்டு பிரீமியத்தைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்ற பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டார்.

கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிற ஊர்கள் இவை. கோவையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழை சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். கிணறு வெட்டி, போர் போட்டு, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய சனம். 'தீ மற்றும் சிறப்பு அபாயங்கள்' என்கிற பழைய பாலிசியில் புயல், வெள்ளப் பகுதியைத் தொடக்கத்திலேயே நீக்கிக்கொள்ள வழியும் உண்டு. நீக்கினால் பிரீமியம் குறையும். ஆனால் ஒருமுறை நீக்கியது அடுத்தடுத்த வருடங்களுக்கும் அப்படியே போய்க்கொண்டிருக்கும். நீக்கச் சொன்ன அப்பா ஓய்வெடுத்து, மகன் கம்பெனியைப் பார்க்க வந்திருப்பார். அவருக்கு அந்த விஷயமே தெரிந்திருக்காது.

சரி, கடல் இல்லை. வெள்ளம் இல்லையா? காவிரியை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, மேட்டூரும் 120 அடியைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் வருவது அத்தனையும் கீழேதான் போக வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம், பவானி, கொடுமுடி கரையோரத் தெருக்களில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வாசற்படி ஏறும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இதைப் பார்த்தோம். பவானிசாகர் 105 அடியை நெருங்கி உபரி நீர் திறந்தால் பவானி ஆற்றங்கரைக்கும் இதே கதைதான். ஊரில் ஒரு சொட்டு மழை பெய்யாமல் வருகிற வெள்ளம் இது.

அடுத்தது ஓடைகள். வருடத்தில் பத்து மாதம் சாக்கடையாக ஓடுகிற பள்ளம், ஒரே இரவு மழையில் தன் பழைய அகலத்தை நினைவுபடுத்திவிடும். 2011 நவம்பரில் திருப்பூரில் நொய்யலும் அதில் சேரும் ஓடைகளும் பெருகி வந்ததில் உயிர்களே போயின. கோவையில் சங்கனூர் பள்ளத்தின் இரு கரையும் வீடும் ஒர்க்‌ஷாப்புமாக நெருக்கியடித்துக் கிடக்கிறது. ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினால் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி, சிவானந்தா காலனி ரயில் பாலங்களுக்கு அடியில் வண்டி முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகள் ரோட்டில் உருண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். வங்கக் கடலிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி, மேட்டு நிலத்தில் இருக்கிற ஊர் அது.

இவற்றுக்கெல்லாம் மேலே சித்திரை, வைகாசியில் அடிக்கிற சூறைக்காற்று. கோபி, சத்தியமங்கலம், பவானி வட்டாரத்தில் குலை தள்ளி நிற்கிற வாழை கால் மணி நேரத்தில் தரையோடு படுத்துவிடும். இந்தப் பகுதியில் வருடம் தவறாமல் நடக்கிற சேதம் இதுதான். இன்சூரன்ஸ் மிகக் குறைவாகக் கை கொடுப்பதும் இதில்தான். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

வெள்ளத்துக்கென்று தனி பாலிசி உண்டா?

சில வெளிநாடுகளில் வெள்ளத்துக்குத் தனி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். நம் நாட்டில் பொதுவாக அப்படி இல்லை. தீ விபத்துக்கு எடுக்கிற பாலிசிக்குள்ளேயே புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் ஒரு பகுதியாக வந்துவிடும். 2021 ஏப்ரல் 1 முதல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மூன்று பொது பாலிசிகளை எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று கொண்டுவந்தது. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்‌ஷா. ஒரே இடத்தில் கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா. அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்‌ஷா. பெயர்கள் வாயில் நுழையாது, ஆனால் உள்ளே இருப்பது பரவாயில்லை.

வீட்டு பாலிசியில் கட்டடத்தின் மதிப்பை எப்படிப் போடுவது என்பதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் குழம்புகிறார்கள். சரவணம்பட்டியில் வீடு வைத்திருப்பவரிடம் "வீட்டு மதிப்பு என்னங்க?" என்று கேட்டால் ஒன்றரைக் கோடி என்பார். அதில் முக்கால்வாசி இடத்தின் விலை. இடத்தை வெள்ளம் கொண்டுபோகாது. இன்சூரன்ஸ் பார்ப்பது கட்டடத்தின் பரப்பையும், இன்றைக்கு அதே மாதிரி கட்ட ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவையும் மட்டும். ஆக, போட வேண்டிய தொகை நினைத்ததைவிடக் குறைவு, பிரீமியமும் குறைவு. வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக எதுவும் சொல்லாவிட்டாலும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேர்ந்துவிடும். வீடு இருக்கும் நிலையில் குடியிருக்க முடியாமல் வெளியே வாடகைக்குப் போனால் அந்த வாடகைக்கும் இதில் இடம் உண்டு. சேறு, இடிபாடு அள்ளிப் போடுகிற கூலிக்குக் கூட கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை தனியாகக் கேட்கலாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்க்கில் "இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று சொல்லியிருப்பார்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவர் இறந்துபோனால் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு. சுவர் விழுந்தால் அதிலிருந்து ஒரு பைசா வராது. கட்டடத்துக்கும் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு, பாலிசி நகலைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொழில் கடனிலும் இதே சங்கதிதான். பேங்க் தன் கடன் தொகைக்கு மட்டும், தன் பெயரையும் சேர்த்து ஒரு பாலிசி போட்டிருக்கும். நகல் பேங்க் ஃபைலில் இருக்கும், பிரீமியம் மட்டும் நம் கணக்கிலிருந்து போகும்.

அட்டவணையில் மாட்டுகிற கிளெய்ம்கள்

பாலிசியோடு வரும் ஒன்றிரண்டு பக்க அட்டவணையை யாரும் படிப்பதில்லை. பொடி எழுத்தில் இருக்கும் நாற்பது பக்கத்தைப் படிக்காமல் விட்டாலும் மன்னிக்கலாம், இந்த அட்டவணையைப் படித்தே ஆக வேண்டும். கிளெய்ம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் முகவரி. அட்டவணையில் எழுதியிருக்கும் இடத்தில் இருக்கும் சரக்குக்குத்தான் பாதுகாப்பு. திருப்பூரில் வாடகைக் கட்டடம் மாறுவது சர்வ சாதாரணம். ராயபுரத்தில் இருந்த யூனிட் மங்கலம் ரோட்டுக்குப் போயிருக்கும், பாலிசியில் ராயபுரமே இருக்கும். சீசன் சமயத்தில் பக்கத்து ஷெட்டை மூன்று மாதத்துக்கு எடுத்து பெட்டி அடுக்கியிருப்பார்கள், அது கதவிலக்கமே வேறு. ஒரு கடிதம் எழுதி முகவரியை மாற்றிக்கொள்வது சின்ன வேலை. மழைக்கு அப்புறம் அதைச் செய்ய முடியாது.

அடுத்தது, சரக்கு யாருடையது என்பது. கொங்குத் தொழிலின் அமைப்பே இதில்தான் இன்சூரன்ஸோடு முட்டுகிறது. ஒரு பனியன் துணி நூலாக வந்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று நாலைந்து இடம் போய்த்தான் தைக்கிற இடத்துக்கு வருகிறது. எந்த ஒரு நாளிலும் ஜாப் ஒர்க் யூனிட்டில் கிடக்கும் துணியில் அந்த முதலாளிக்குச் சொந்தமானது ஒரு மீட்டர் கூட இருக்காது. பாலிசியோ, 'பிறர் பொருட்டு நம்பிக்கையின்பேரிலோ கமிஷன் அடிப்படையிலோ வைத்திருக்கும் சரக்கு' தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய அடங்காது என்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கும் அப்படியே. விலை ஏறட்டும் என்று விவசாயி வருடக்கணக்கில் மண்டி குடோனில் போட்டு வைத்திருக்கும் மூட்டைகள் மண்டிக்காரருடையவை அல்ல. குடோனில் தண்ணீர் புகுந்து, அடி வரிசை மூட்டை ஊறி, பூஞ்சை பிடித்தால் "நம்ம மண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க" என்ற சமாதானம் விவசாயிக்குப் போதாது. அட்டவணையில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. கூச்சப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, தொகை. குடோனில் 40 லட்சம் ரூபாய் நூல் இருக்கிறது, பாலிசி 20 லட்சத்துக்கு, நனைந்தது 6 லட்சத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். "20 லட்சம் போட்டிருக்கிறேன், 6 லட்சம்தானே கேட்கிறேன்" என்று முதலாளி நினைப்பார். கம்பெனியின் கணக்கு வேறு. பாதி மதிப்புக்குத்தான் பிரீமியம் கட்டினீர்கள், மீதிப் பாதி அபாயத்தை நீங்களே சுமக்கிறீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பாதி உங்களுடையது. கையில் வருவது 3 லட்சம், அதிலும் ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு போக மீதி. சூக்ஷ்ம, லகு பாலிசிகளில் 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தால் இந்த வெட்டு கிடையாது. வீட்டு பாலிசியில் இந்த வெட்டே அறவே இல்லை. தொழிலுக்கு எடுப்பவர்கள் வருடத்தின் சராசரி ஸ்டாக்கைப் போடக் கூடாது, உச்சத்தில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துப் போட வேண்டும். நூல் விலை ஏறிய வருடத்தில் பழைய தொகையையே புதுப்பிப்பது தெரிந்தே பாதி பாலிசி எடுப்பதற்குச் சமம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதை இன்சூரன்ஸ் கம்பெனி மேல் போட முடியாது. பேங்க்குக்குக் காட்டுகிற ஸ்டாக் அறிக்கையில் ஒரு தொகை, ஜிஎஸ்டி கணக்கில் ஒரு தொகை, குடோனில் நிஜமாக இருந்தது இன்னொரு தொகை என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளம் வந்த பிறகு சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

எது வெள்ளம்?

ஆறோ குளமோ உடைத்துக்கொண்டு வந்தால் அது வெள்ளம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெறும் மழைத் தண்ணீர் வடியாமல் தேங்கி உள்ளே வந்தால்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு சிமென்ட் ஆலையில் திறந்த வெளியில் கொட்டி வைத்திருந்த நிலக்கரி கனமழையில் அடித்துப் போனது. ஆறு பெருகவில்லை, ஆகவே அது வெள்ளம் ஆகாது என்று ஓரியண்டல் இன்சூரன்ஸ் மறுத்தது. ஜே.கே. சிமென்ட் வழக்கு என்று அறியப்படும் அதில், 2020-ல் நீதிமன்றம் ஆலையின் பக்கம் நின்றது. பாலிசியில் வெள்ளம், நீர் சூழ்தல் என்ற சொற்களை விளக்காமல் விட்டுவிட்டு, அப்புறம் குறுகிய பொருள் சொல்லி மறுக்க முடியாது என்பது அதன் சாரம். நம் ஊர்களில் வருகிற வெள்ளத்தில் முக்கால்வாசி இப்படித் தேங்கி வருவதுதான் என்பதால், இந்தத் தீர்ப்பு கடற்கரை ஊர்க்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம் உதவும்.

அதற்காக எல்லா ஈரமும் வெள்ளம் ஆகிவிடாது. ஓடு விலகி ஒழுகியது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பழைய ஓட்டை வழியே இறங்கியது, சுவரில் வருடக்கணக்காக ஊறியது எல்லாம் பராமரிப்புக் குறை என்று தள்ளப்படும். அதுவே அன்றைய சூறைக்காற்று ஷீட்டைப் பிய்த்து எறிந்து, அந்த வழியாக மழை இறங்கினால் கதை வேறு. அப்போது கேட்கலாம். மழைக் காலத்துக்கு முன்பே கூரையைச் சரிசெய்து, ஆள் வைத்துச் செய்ததற்கான பில்லை எடுத்து வைப்பது இந்தச் சண்டையைப் பாதியாகக் குறைக்கும்.

தண்ணீர் வடிந்த காலையில்

தண்ணீர் வடிந்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் வேலை கழுவி விடுவது. சுத்தக்காரச் சனம், சேற்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கும். கிளெய்முக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். நான்கு சுவரிலும் எடுக்க வேண்டும். வாசலிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக உள்ளே போக வேண்டும், பெயர்ப் பலகையும் கதவிலக்கமும் அதில் விழ வேண்டும். அப்புறம்தான் துடைப்பம்.

பிறகு பிரிப்பு வேலை. நனைந்த நூல் மூட்டைகளை ஒரு பக்கம், நனையாததை ஒரு பக்கம். நனைந்ததிலும் கோன் அட்டை ஊறிக் குலைந்தது தனி, வெளிப் பை மட்டும் ஈரமானது தனி. துணி ரோலில் சாயம் இறங்கிக் கறை பட்டது வேறு, வெறும் ஈரம் பட்டது வேறு. இரண்டாவதை மறுபடி அலசிக் காய வைத்து விற்க முடியும், சர்வேயர் அதற்கு அலசும் கூலியை மட்டும் கணக்கில் எடுப்பார். எதையும் தூக்கிப் போடவும் கூடாது, பழைய துணி வியாபாரிக்கு எடைக்குப் போடவும் கூடாது. நனைந்த சரக்கு எவ்வளவுக்குப் போகும் என்பதைக் கழித்துத்தான் கிளெய்ம் கணக்கு. சரக்கே கண்ணில் இல்லாவிட்டால் அந்தக் கழிவை அவர் தன் இஷ்டத்துக்குப் போடுவார். அதேசமயம் சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. சர்வேயர் வரட்டும் என்று நல்ல மூட்டைகளையும் தண்ணீரிலேயே விட்டு வைத்தால் அதுவும் நம் தலையில்தான் விழும்.

இயந்திரத்தில் ஒரே விதிதான். மெயினைப் போடாதீர்கள். லேத், சிஎன்சி, நிட்டிங் மெஷின், தறி மோட்டார் எதுவானாலும், "ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடலாம்" என்று ஸ்விட்ச்சைத் தட்டினால் பேனல் புகையும். அது வெள்ளச் சேதம் இல்லை, மின் கோளாறு என்று பிரித்துவிடுவார்கள். பவானியில் ஜமக்காளத் தறியின் குழிக்குள் தண்ணீர் இறங்கினால் கால்மிதியும் கீழ்க் கயிறுகளும் ஊறும். அவற்றையும் பட்டியலில் எழுத வேண்டும். கைத்தறிக்காரர்கள் பாவின் விலையை மட்டும் எழுதிவிட்டுத் தறியை விட்டுவிடுகிறார்கள்.

தகவலை முடிந்தவரை அன்றைக்கே, போனில் சொன்னாலும் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாகவும் அனுப்பி, கிளெய்ம் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை அமர்த்த வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். காகிதம் போதவில்லை என்பதை மட்டுமே சொல்லி மறுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நடைமுறையில் ஊரே மூழ்கிய வாரத்தில் இந்தக் கெடுவெல்லாம் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கெடு தெரிந்து கேட்பவரின் ஃபைல் மேலே வரும்.

வண்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் வெள்ளத்துக்கு எதுவும் கிடைக்காது, நம் வண்டிச் சேதத்துக்கான பாலிசி தனியாக இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 வருடம், காருக்கு 3 வருடம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மொத்தமாகப் போடப்படுகிறது. ஆர்சியோடு இருக்கும் காகிதத்தில் 5 வருடத் தேதியைப் பார்த்து "இன்சூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பார்கள். சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும்.

பாலத்தடியில் தண்ணீருக்குள் நின்றுவிட்ட வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அழுத்துவதற்குக் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருக்கும், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இது வெள்ளத்தால் நேராக வந்ததல்ல, நீங்கள் சாவியைத் திருகியதால் வந்தது என்று கம்பெனி சொல்லும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால் மட்டும் தப்பிக்கலாம். தள்ளிக்கொண்டு போய் மேட்டில் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் வழி. ரிப்பேர் செலவு வண்டிக்குப் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள்.

தோட்டத்துக்கு என்ன?

வாழைக்கு வருவோம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டியது காரிஃப் என்கிற மழைப்பருவப் பயிருக்கு 2 சதவீதம், ராபி என்கிற குளிர்காலப் பயிருக்கு 1.5, வணிக, தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். பிரீமியம் குறைவுதான். ஆனால் திட்டத்தின் அடிப்படை பகுதிவாரிக் கணக்கு. அறிவிக்கப்பட்ட வட்டாரத்தில் மொத்த மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் பணம் வரும். தனி ஒருவர் தோட்டத்தைப் பார்த்துக் கொடுக்க உள்ளூர்ப் பேரிடர் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர் சூழ்தல், மேகவெடிப்பு, மின்னலால் பிடிக்கும் தீ இருக்கின்றன. சூறைக்காற்று இல்லை. ஆனால் சூறைக்காற்று எப்படி அடிக்கிறது? ஒரு தோட்டத்தில் ஆயிரம் வாழையைச் சாய்த்துவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இலை கூடக் கிழியாமல் போகிறது. வட்டார சராசரியில் அந்த ஆயிரம் வாழை கரைந்து காணாமல் போய்விடும். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் கோபிப் பக்கம் ஒரு வைகாசி மாலையைப் பார்த்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

நெல்லுக்கு வேறு சிக்கல். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் பாசனத்தில் வயல் மூழ்கினாலும் தனி வயல் கணக்கில் கேட்க முடியாதபடி 2018-ல் நெல்லை இந்த நீர் சூழ்தல் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் முதல் மறுபடி சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எதுவானாலும் 72 மணி நேரத்துக்குள், 14447 என்ற எண்ணிலோ செயலியிலோ தகவல் பதிவாக வேண்டும். அறுத்து வயலில் காயப் போட்டது மழையில் போனால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீடு இருக்கிறது. 4 முதல் 15 வயது மரத்துக்கு 900 ரூபாய், 16 முதல் 60 வயது வரை 1,750 ரூபாய். பிரீமியம் மரத்துக்கு முறையே 9, 14 ரூபாய், அதிலும் வாரியம் பாதி, மாநில அரசு கால் பங்கு, விவசாயி கால் பங்கு. ஒரு மரத்துக்கு மூன்றரை ரூபாய்க்குள் என்கிறபோது எடுக்காமல் இருக்கக் காரணம் இல்லை. ஆனாலும் எடுப்பவர்கள் குறைவு, நிமிர்ந்து நிற்கிற தென்னை எதிர்காலத்தில் தரப்போகும் காய்க்கு 1,750 ரூபாய் ஈடாகாது என்பதும் உண்மை. காய்க்கிற நல்ல மரத்துக்குத்தான் இது. வாடல் நோய் பிடித்த தோப்பைப் பார்த்து இன்சூரன்ஸ் எடுக்க நினைத்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். மாட்டுக்கு எடுத்திருந்தால் காதுவில்லை முக்கியம். வெள்ளத்தில் போன மாட்டின் காதில் வில்லை இல்லையென்றால் கிளெய்ம் இல்லை.

அரசு தருகிற நிவாரணத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு மானாவாரி என்றால் 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய் என்பது 2022-26 காலத்துக்கான பேரிடர் நிதியின் விதிமுறை. விஏஓ கணக்கெடுப்பில் பெயர் வர வேண்டும். நிவாரணம் வாங்கினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு கதவு.

மறுத்துவிட்டால்

சர்வேயருக்குக் கூலி கொடுப்பது கம்பெனி, ஆனால் அவர் தனி உரிமம் பெற்றவர். அவர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம். அது கடைசி வார்த்தையும் அல்ல. தக்க காரணம் இருந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. குறைந்த தொகைக்குக் காசோலை கொடுத்து, 'முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், ஆட்சேபத்தோடு பெறுகிறேன் என்று எழுதிப் போடுவது நல்லது. பண நெருக்கடியில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பது கேட்பவருக்கும் தெரியும்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், மறுத்தாலும், சென்னையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். செலவு இல்லை, வக்கீலும் வைக்க முடியாது. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்வார், அது கம்பெனியைக் கட்டும், நம்மைக் கட்டாது. தனிநபர், தனி உரிமையாளர் தொழில், குறுந்தொழில் இவர்களுக்கு மட்டுமே இந்த வழி. பெரிய யூனிட்டும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் பலவும் நுகர்வோர் ஆணையத்துக்கோ சிவில் கோர்ட்டுக்கோதான் போக வேண்டும். 2019 நுகர்வோர் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் தொகையை வைத்துத் தீர்மானிப்பதில்லை, கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான். ஆகவே இரண்டு கோடி ரூபாய் கிளெய்மும் பெரும்பாலும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். அதற்குக் கெடு இரண்டு வருடம். எங்கே போனாலும் பாலிசி நகல், மறுப்புக் கடிதம், சர்வேயர் அறிக்கை மூன்றையும் முதலில் கேட்பார்கள். கம்பெனி தராமல் இழுத்தால் எழுத்தில் கேட்டு, கேட்ட கடிதத்தையும் அனுப்பிய ரசீதையும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாம்.